‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்த ஸ்லைடு

1. திரும்ப வாங்கிய சீட்டு

முப்பத்தொரு வருடம் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்தேன். அதில் ஒரே ஒரு தடவைதான், நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்குவதற்காக ஓடியிருக்கிறேன். பாதி குடித்த டீயைக் கேன்டீன் மேசையில் வைத்துவிட்டு, ஐம்பத்து நாலு வயதில், முழங்கால் வலியோடு, ஓ.பி. வராந்தா முழுக்க ஆள் பார்க்க ஓடினேன். எதிரே வந்த வார்டு நர்ஸ், “என்ன கிரேஸக்கா, தீ பிடிச்சிட்டா?” என்று கேட்டாள். பதில் சொல்ல நேரமில்லை.

டி.எம்.எல்.டி. என்கிற லேப் டிப்ளமோ படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் என்னைப் பார்த்தால் பழைய கதை கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சாமர்த்தியத்தைச் சொல்ல ஊரில் ஆள் நிறைய உண்டு. நான் என் தப்பைச் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்தது மேற்குக் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே ஸ்கின் ஓ.பி.யை ஒட்டி ஒரு சின்ன அறை. பக்க அறை என்போம். ஒரு மைக்ராஸ்கோப், ஒரு வாஷ்பேசின், சாயப் பாட்டில்கள், ஒரு ஸ்பிரிட் விளக்கு, எனக்கு ஒரு ஸ்டூல். பெரிய லேபுக்கு ரத்தம் போனால் ரிசல்ட் மத்தியானத்துக்கு மேல் வரும். கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் என்றால் மூன்று நாள். பக்க அறையில் எல்லாம் அரை மணி நேரத்துக்குள்.

படர்தாமரை என்று சந்தேகம் வந்தால் செதிலைச் சுரண்டி, செதிலைக் கரைக்கிற கே.ஓ.எச். திரவம் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போம். பூஞ்சை இருந்தால் நூல் நூலாகத் தெரியும். சொறி என்றால் விரலிடுக்கில் சுரண்ட வேண்டும், அதிர்ஷ்டம் இருந்தால் பூச்சியே கிடைக்கும். சீழ் என்றால், பாக்டீரியாவைப் பார்க்கக் கிராம் சாயம். நீர்க் கொப்புளம் என்றால் சாங்க் ஸ்மியர். கொப்புளத்தின் மேல்தோலைத் திறந்து, அதன் அடித்தளத்தைப் பிளேடின் மழுங்கிய பக்கத்தால் சுரண்டி, ஸ்லைடில் தடவி, ஜீம்சா சாயம் போட்டுப் பார்ப்பது. ஹெர்பிஸ் வகை வைரஸ் என்றால், ஒரே செல்லுக்குள் ஏழெட்டு உட்கரு நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். ஜெயன்ட் செல் என்போம். அதைப் பார்த்துவிட்டால் டாக்டர் அந்த நிமிஷமே மருந்தை ஆரம்பித்துவிடலாம்.

அடித்தளம் என்ற வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கோட்டை விட்டது அங்கேதான்.

2. குளித்துவிட்டு வருகிறவர்கள்

தோல் டாக்டரைப் பார்க்க எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் அழுக்கோடு வர மாட்டார்கள். திருவட்டாற்றில் இருந்து வருகிறவரும் சரி, இனயத்தில் இருந்து வருகிறவரும் சரி, காலையிலேயே குளித்து, எண்ணெய் தடவி, பவுடர் போட்டு, வெள்ளையும் சொள்ளையுமாகத்தான் வருவார்கள். டாக்டர் தொட்டுப் பார்ப்பாரே, அசிங்கமாக இருக்கக் கூடாதே என்ற மரியாதை. எங்களுக்கு வேண்டியதோ அந்த அசிங்கம்தான். செதிலும் சீழும் கொப்புளமும் வீட்டுக் குளியலறைத் தண்ணீரோடு போய்விடும். எங்கள் முன்னால் எண்ணெய் மினுமினுக்கும் தோல் வந்து உட்காரும்.

என் முதல் நாளே இதில்தான் அடி வாங்கினேன். ஒரு பெரியவருக்கு முதுகில் தேமல். கே.ஓ.எச். போட்டுப் பார்த்தால் ஸ்லைடு முழுக்க உருண்டை உருண்டையாக இருந்தது. ஈஸ்ட் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்போதிருந்த டாக்டர் ஸ்லைடைப் பார்த்துவிட்டு, வந்திருந்தவரையே கூப்பிட்டுக் கேட்டார்.

“வரும்போ எண்ணெய் தேச்சீரா?”

“ஆமா டாக்டர். நல்ல செக்கு எண்ணெயாக்கும்.”

டாக்டர் என் பக்கம் திரும்பி, “கேட்டியாம்மா? செக்கு எண்ணெய்க்கு மாத்திரை எழுதவா?” என்றார். அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து யார் வந்தாலும் என் முதல் கேள்வி, “குளிச்சியா?” என்பதுதான். ஆஸ்பத்திரியில் எனக்குக் ‘குளிச்சியா அக்கா’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட நான்தான் அந்தத் திங்கட்கிழமை ஏமாந்தேன்.

3. கிராம் சொன்ன பதில்

கொரோனா அடங்கி, மாஸ்க் போடுவதைப் பாதிப் பேர் விட்டுவிட்ட சமயம். எங்கள் ஓ.பி.க்குள் மட்டும் மாஸ்க் கட்டாயம். அன்று கூட்டம் வராந்தா தாண்டி வாசல் வரை நின்றது. டாக்டர் சுகந்தி அப்போதுதான் எங்களிடம் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கொட்டாரத்துக்காரி. கெட்டிக்காரி. கையும் வேகம், வாயும் வேகம்.

இனயத்தில் இருந்து ஷைனி என்று ஒரு பெண், ஏழு மாதப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கூடவே புருஷனின் அக்கா லீமா. ஷைனி அவளை மைனி என்று கூப்பிட்டாள். புருஷன் போட்டில் ஆழ்கடலுக்குப் போயிருந்தான், திரும்ப ஒரு மாதமாவது ஆகும். மகனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது தகப்பன் கரையில் இருக்க வேண்டும் என்று ஏழு மாதம் தள்ளிப் போட்டு, எட்டு நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமைதான் கொடுத்திருந்தார்கள். அது முடிந்த மறுநாள் அவன் கடலுக்குப் போய்விட்டான்.

“கரப்பான் பிறந்ததுல இருந்தே உண்டு டாக்டர்,” என்றாள் ஷைனி. “இப்பம் மூணு நாளாக் காய்ச்சல். மொகமெல்லாம் புண்ணாயிட்டு. அம்மையாக்கும்னு சொல்லுதாங்க. எனக்குப் பேடியா இருக்கு.”

“பால் குடிக்கானா?”

“நேத்துல இருந்து வாய வைக்க மாட்டேங்கான்.”

குழந்தையின் முகம் எண்ணெயில் பளபளத்தது. கன்னத்தில் பவுடர், நெற்றியோரம் கண்மைப் பொட்டு. உருக்கெண்ணெய் மணம் அறை முழுக்க வந்தது. தேங்காய்ப் பாலைக் காய்ச்சி எடுக்கிற எண்ணெய் அது, எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைகளுக்கு அதைத்தான் தேய்ப்பார்கள். அந்தப் பளபளப்புக்கு அடியில் வட்ட வட்டமாகப் புண்கள். எல்லாம் ஒரே அளவு, பஞ்சிங் மெஷினால் குத்தியது போல. ஹெர்பிஸ் புண்தான் அப்படி வரும், அந்த ஒரே அளவைப் பார்த்ததுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அக்கா, ஒரு கிராம், ஒரு சாங்க். கரப்பான்ல பாக்டீரியா ஏறியிருக்குன்னுதான் நினைக்கிறேன். அப்படின்னா ஆன்டிபயாடிக் சிரப்பும் கொஞ்சம் ஸ்டீராய்டு க்ரீமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிடலாம். ஹெர்பிஸ்னா கதையே வேற. ஸ்டீராய்டு பக்கமே போகக் கூடாது, உடனே அட்மிட் பண்ணி ட்ரிப்ல மருந்து ஏத்தணும். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு அது கண்ணுக்கோ மூளைக்கோ போச்சுன்னா காப்பாத்துறது கஷ்டம். பாத்துச் சொல்லுங்க.”

பக்க அறையில் லீமா குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் நீர் கோத்த கொப்புளம் தேடினேன். நெற்றி, கன்னம், முழங்கை மடிப்பு எல்லாம் பார்த்தேன். ஒன்றுகூட முழுதாக இல்லை.

“குளிப்பாட்டினியா?”

“அஞ்சு மணிக்கே குளிப்பாட்டியாச்சு சிஸ்டர்,” என்றாள் ஷைனி. “பயத்தமாவு போட்டுப் பைய தேச்சு விட்டேன். டாக்டர்கிட்ட வரும்போ பிள்ளைய அழுக்கோடயா கொண்டு வரது?”

திட்ட வாய் வரை வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். மூன்று ராத்திரியாகத் தூங்காத கண். கன்னத்தில் ஈரமாக இருந்த ஒரு புண்ணைத் துடைத்துச் சுரண்டினேன். குழந்தைக்கு அழக் குரல் இல்லை. தொண்டை கட்டிப்போய்க் கரகரவென்று ஒரு சத்தம்தான் வந்தது.

கிராம் ஐந்து நிமிஷ வேலை. ஊதா நிறத்தில் உருண்டைக் கிருமிகள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. ஸ்டாஃப் என்கிற பாக்டீரியா. ஓடிப் போய்ச் சொன்னேன். டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்த்துக்கொண்டே, “நான் சொன்னேன்லக்கா?” என்றார். அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. கரப்பான் உள்ள தோலில் ஸ்டாஃப் எப்போதுமே உட்கார்ந்திருக்கும், அது இருப்பதால் வேறொன்று இல்லை என்று ஆகாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பதில் ஒன்று கிடைத்துவிட்டால் மனசு அடுத்த கேள்வியைத் தள்ளிவைத்துவிடுகிறது.

சாங்க் ஸ்லைடு சாயத்தில் கிடந்த நேரத்தில் நாலு கே.ஓ.எச். முடித்தேன். வெளியே யாரோ கதவைத் தட்டி, “சிஸ்டர், எங்களுக்கு எப்பம் பாப்பீங்க?” என்று சத்தம் போட்டார். சாங்க் ஸ்லைடைக் கழுவி வைத்துப் பார்த்தேன். உதிர்ந்த செதில்கள், சீழ் செல்கள், வட்ட வட்டமாக எண்ணெய், மினுங்கும் பவுடர்த் துகள்கள். ஜெயன்ட் செல் இல்லை. இரண்டு நிமிஷம்கூடப் பார்த்திருக்க மாட்டேன். சீட்டில் ‘சாங்க்: நெகட்டிவ்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

4. கேன்டீனில் கழற்றிய மாஸ்க்

பதினொரு மணிக்கு டீ குடிக்கப் போனேன். பக்கத்து மேசையில் லீமா இருந்தாள். ஷைனி பிள்ளையோடு ஃபார்மசி வரிசையில் நிற்கிறாள், தனக்குத் தலை சுற்றியதால் ஒரு டீ குடிக்க வந்ததாகச் சொன்னாள்.

“பதினொண்ணரைக்கு எங்க ஊருக்கு நேரா பஸ் உண்டு சிஸ்டர். விட்டா ரெண்டு பஸ் மாறணும். பிள்ளைக்குப் பயப்பட ஒண்ணுமில்லல்லா?”

“ஒண்ணுமில்ல. பாக்டீரியாதான். மருந்து போட்டா சரியாயிரும்,” என்றேன்.

அவள் டீ குடிக்க மாஸ்க்கைக் கழற்றினாள். கீழுதட்டின் ஓரத்தில், காய்ந்து உதிரப் போகிற ஒரு பொருக்கு. சின்னச் சின்னதாக நாலைந்து சேர்ந்து ஒட்டிக்கொண்டது.

“வாயில என்ன?”

“இதா? எனக்குக் காய்ச்சல் வந்தா எப்பவும் இதே இடத்துல கொப்புளம் பொத்தும். பத்து நாள்ல போயிரும்.”

“எப்பம் வந்துச்சு?”

“ஞானஸ்நானத்துக்கு முந்தின நாளு. சவம், ஃபோட்டோவுக்கு நிக்கவே வெக்கமா இருந்து.”

நான் டீயை மேசையில் வைத்தேன். “பிள்ளைய யார் வச்சிருந்தா அன்னைக்கு?”

“நான்தான். நானாக்கும் ஞானத்தாய். முழு நேரமும் என் மடியிலதான் கிடந்தான்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். “முத்தியே கன்னத்தச் செவக்க வச்சிட்டேன்.”

உதட்டில் அப்படிப் பொத்துவதும் அதே ஹெர்பிஸ்தான், முத்தத்தில் ஒட்டும். நான் மனதுக்குள் அந்த ஸ்லைடைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் என்ன இருந்தது? செதில் இருந்தது, சீழ் இருந்தது, எண்ணெய் இருந்தது. கொப்புளத்தின் அடித்தளத்துச் செல் ஒன்றாவது இருந்ததா? இல்லை. வெறும் சட்டியில் கரண்டியை விட்டுத் துழாவிவிட்டு, குழம்பில் மீன் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். இந்த ஸ்லைடில் எதையும் பார்க்க முடியாது என்று எழுதியிருக்க வேண்டும். நான் எழுதியது நெகட்டிவ்.

அந்தச் சீட்டை நம்பி டாக்டர் ஸ்டீராய்டு எழுதியிருப்பார். பதினொன்று பத்து ஆகியிருந்தது.

“லீமா, எந்திரி. அந்தப் பிள்ளைக்கு க்ரீம் போட விடாதே. பஸ்ஸுக்கும் போக விடாதே. ரெண்டு பேரும் பிள்ளையோட ஸ்கின் ஓ.பி.க்கு வாங்க.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். கை தானாக உதட்டுக்குப் போனது.

“என்னாலயா சிஸ்டர்?”

“முதல்ல பிள்ளையப் பாப்போம்,” என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

5. இன்னொரு தடவை

டாக்டர் அறையில் மூன்று நோயாளிகள் இருந்தார்கள். வெளியே வரச் சொல்லலாம்தான். சொன்னால் அவர் வர ஐந்து நிமிஷம் ஆகும். எல்லார் முன்னாலும் சொன்னேன்.

“டாக்டர், இனயத்துப் பிள்ளையோட சாங்க் ரிப்போர்ட் தப்பு. அது நெகட்டிவ் இல்ல. ஸ்லைடுல ஒண்ணுமே இல்லாம இருந்துச்சு. நான் நெகட்டிவ்னு எழுதிட்டேன். திரும்ப எடுக்கணும்.”

அவர் பேனாவை மேசையில் வைத்தார். “அக்கா, கிராம்ல ஸ்டாஃப் இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சு. ரெண்டும் சேர்ந்து இருக்கலாமே.”

“கொப்புளமே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க? எங்க இருந்து எடுப்பீங்க? அந்தப் பிள்ளையை எத்தனை தடவை கீறுறது? வெளியே அறுபது பேர் நிக்கிறாங்க.” அவர் குரல் உயர்ந்தது. “அரை மணி நேரத்துக்கு முன்னால கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு, இப்ப வந்து தப்புன்னா நான் எதை நம்புறது?”

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. மூன்று நோயாளிகளும் என்னைப் பார்த்தார்கள். அதில் ஒருவருக்கு அன்று காலை நான்தான் கே.ஓ.எச். பார்த்திருந்தேன். தன் ரிப்போர்ட்டும் தப்பாக இருக்குமோ என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் நகராமல் நின்றேன்.

அப்போது ஷைனி வந்தாள். கையில் மருந்துப் பை, தோளில் குழந்தை. விஷயம் தெரிந்ததும் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“இன்னொருக்க கீறாண்டாம் டாக்டர். ஒருக்க கீறுனதுக்கே அவன் தேம்பிட்டு இருக்கான். அவங்க அப்பா வந்து கேட்டா நான் என்ன சொல்ல? மருந்து தந்தாச்சுல்லா, நாங்க போறோம். பஸ்ஸு வந்துரும்.”

டாக்டரும் சரி, போகட்டும் என்கிற மாதிரிதான் இருந்தார். லீமாவின் உதட்டைப் பற்றி நான் சொல்லலாம். அவள் ஷைனிக்குப் பின்னால், மாஸ்க் போட்டுக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றாள். நான் சொன்னால் அது அவளைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும். சொல்லாவிட்டால் பிள்ளை பஸ் ஏறிவிடும். சொல்லத்தான் வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் லீமா முன்னால் வந்தாள். மாஸ்க்கைக் கழற்றினாள்.

“டாக்டர், இதப் பாருங்க. ஞானஸ்நானத்து அன்னைக்கு எனக்கு இது நல்லாப் பொத்தி இருந்து. நான் பிள்ளைக்கு முத்தம் குடுத்தேன். ஒருக்க இல்ல, நிறைய. இந்த சிஸ்டர் கேட்டப்பம்தான் எனக்கே வெளங்கிச்சு.”

ஷைனி திரும்பி அவளைப் பார்த்த பார்வையை நான் மறக்கவே மாட்டேன்.

டாக்டர் எழுந்து வந்து லீமாவின் உதட்டை டார்ச் அடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. “எப்ப ஞானஸ்நானம்? எட்டு நாளா?” என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “எடுங்க அக்கா. நானும் வரேன். கொப்புளம் கண்டுபிடிங்க.”

பக்க அறையில் இந்தத் தடவை குழந்தையின் சட்டையை முழுக்கக் கழற்றினோம். டாக்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். காது மடல் பின்னால் இல்லை. அக்குளில் இல்லை. தொடை மடிப்பில் இல்லை. பயத்தமாவு போகாத இடமே அந்த உடம்பில் இல்லை என்று தோன்றியது. சுவர்க் கடிகாரம் பதினொன்று இருபத்தைந்து.

குழந்தையின் கழுத்தில் கறுப்புக் கயிறு ஒன்று, அதில் மாதாவின் உருவம் பதித்த சின்னச் சுரூபம். கொழுகொழுவென்ற கழுத்து, கயிறு மடிப்புக்குள் புதைந்து கிடந்தது.

“குளிப்பாட்டும்போ இதக் கழத்துவியா?”

“மந்திரிச்ச சுரூபமாக்கும். கழத்த மாட்டோம். இப்பவும் கழத்தாண்டாம்,” என்றாள் ஷைனி, அழுகையோடு.

“கழத்தாண்டாம் மக்கா. தூக்கிப் பிடி, போதும்.”

அவள் கயிற்றைத் தூக்கினாள். மடிப்பை விரித்தேன். உள்ளே, தண்ணீரும் மாவும் எண்ணெயும் போகாத இடத்தில், மூன்று கொப்புளம் முழுசாக இருந்தன. தெளிந்த நீர், நடுவில் சின்னக் குழி. புதுப் பிளேடை எடுத்தேன். ஒன்றைத் திறந்து, நீரை ஒற்றி எடுத்துவிட்டு, அடித்தளத்தைச் சுரண்டினேன். லீமா கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரவில்லை.

சாயம் பத்து நிமிஷம் ஊற வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தில் இனயம் பஸ் போய்விட்டது. இந்த ஸ்லைடிலும் ஒன்றும் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். பிள்ளையை வீணாகக் கீறிய பாவம் ஒரு பக்கம், ஒரு குடும்பத்துக்குள் நெருப்பு வைத்த பாவம் ஒரு பக்கம். டாக்டர் ஓ.பி.க்குத் திரும்பிப் போகவில்லை. என் ஸ்டூலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கழுவி, உலர்த்தி, எண்ணெய் லென்ஸில் வைத்தேன். முதல் ஃபீல்டில், லென்ஸுக்குள் தெரிகிற முதல் வட்டத்தில், இல்லை. இரண்டில் இல்லை. மூன்றாவதில் ஓரமாக ஒன்று. நகர்த்தினேன். பெரிய செல், உள்ளே ஆறேழு உட்கரு ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஃபீல்டுக்கு ஃபீல்டு.

நகர்ந்து டாக்டருக்கு இடம் விட்டேன். அவர் குனிந்து பார்த்தார். “இருக்கு,” என்றார். உடனே வெளியே போய் ஷைனியின் கையிலிருந்த பையில் அந்த க்ரீம் டியூபைத் தேடி எடுத்துத் தன் கோட் பையில் போட்டுக்கொண்டார். “பிள்ளையை அட்மிட் பண்றோம்மா. இப்பவே.”

6. ரெஜிஸ்டரில் எழுதியது

அன்று மத்தியானமே ட்ரிப்பில் ஹெர்பிஸுக்கான மருந்து, அசைக்ளோவிர், ஏற ஆரம்பித்தது. கண் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கண்ணுக்குள் இன்னும் போகவில்லை, இமையோரம் வந்து நிற்கிறது என்றார். இரண்டாம் நாள் குழந்தையின் நிலை இன்னும் மோசமானது. காய்ச்சல் இறங்கவில்லை, முகம் வீங்கி, கண் திறக்க முடியவில்லை. நான் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை வார்டுக்குப் போய் வந்தேன். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. நாலாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் பால் குடித்தான். அன்று பக்க அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

டாக்டர் சுகந்தி நல்ல மனசுக்காரி. “அந்த முதல் சீட்டைக் கிழிச்சுப் போட்டுருங்கக்கா, எதுக்கு ஃபைல்ல கிடக்கணும்?” என்றார். நான் கிழிக்கவில்லை. ரெஜிஸ்டரில் ‘நெகட்டிவ்’ என்பதைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ‘மாதிரி போதாது, பார்த்தவர் தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருக்கிறது, இல்லை என்று இரண்டு பதில்தான் ரிப்போர்ட்டில் உண்டு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ‘எனக்குத் தெரியவில்லை, திரும்ப எடுங்கள்’ என்பதும் ஒரு பதில்தான். அதை எழுத எனக்கு அதற்குமுன் கூச்சமாக இருந்தது. அதற்கப்புறம் ரிட்டயர் ஆகும் வரை அதை எத்தனையோ தடவை எழுதினேன். திட்டும் வாங்கினேன். பரவாயில்லை. ஸ்லைடு சொல்லாத எதையும் நீங்கள் சொல்லாதீர்கள், பிள்ளைகளே. ஆள் நெருக்கினாலும் சொல்லாதீர்கள்.

வார்டில் இருந்த நாளெல்லாம் ஷைனி தன் மைனியோடு பேசவில்லை. லீமா வாசல் பெஞ்சிலேயே கிடந்தாள். மாஸ்க் போட்டு, அதன் மேல் ஒரு கைக்குட்டையும் கட்டியிருந்தாள். கஞ்சி வாங்கி வருவாள், துணி அலசிப் போடுவாள், மருந்துச் சீட்டோடு ஓடுவாள். கட்டில் பக்கம் மட்டும் வர மாட்டாள். பொருக்கு உதிர்ந்து தோல் சரியாகிவிட்டது, இனி பயமில்லை, பிள்ளையை எடுக்கலாம் என்று டாக்டரே சொல்லியும் வரவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று ஷைனி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்க அறைக்கு வந்தாள். லீமா இரண்டு பைகளோடு வராந்தாவில் தள்ளி நின்றாள்.

“சிஸ்டர், ஒண்ணு கேக்கட்டா? மைனிட்ட இருந்துதான் பிள்ளைக்கு வந்ததுன்னு அந்தக் கண்ணாடியில தெரிஞ்சுதா?”

“தெரியாது மக்கா. என்ன நோயின்னுதான் அது சொல்லும். யார்ட்ட இருந்துன்னு சொல்லாது.”

“ஆனா மைனிதான?”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதை அவளிடம் சொல்லவில்லை.

“இந்தக் கிருமி நிறையப் பேர் உடம்புல பேசாமக் கிடக்கும். ஞானஸ்நானத்துக்கு ஊரே வந்து பிள்ளையைத் தூக்கியிருக்கும். எனக்குத் தெரிஞ்சது ரெண்டே விஷயம். முதல் ஸ்லைடுல தப்புப் பண்ணினது நான். உன் பிள்ளைக்கு ஒண்ணு ஆயிருந்தா, நீ என்னைத்தான் கேக்கணும். ரெண்டாவது, நான் கத்தியும் டாக்டர் ஒத்துக்கல, நீயும் ஒத்துக்கல. உன் மைனி மாஸ்க்கக் கழத்துனதுக்கு அப்புறம்தான் ரெண்டாவது ஸ்லைடு. அவ வாயைத் திறக்காம நின்னிருந்தா, நீ பதினொண்ணரை பஸ்ல போயிருப்ப.”

ஷைனி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தை அவள் தோளில் இருந்து என் மைக்ராஸ்கோப்பை எட்டிப் பிடிக்கப் பார்த்தான். முகத்தில் வட்ட வட்டமாக வெளிர்ந்த தழும்புகள்.

பிறகு அவள் வராந்தாவுக்குப் போனாள். லீமாவின் கையிலிருந்த பைகளை வாங்கிக்கொண்டாள்.

“மைனி, பிள்ளையப் பிடிங்க. எனக்குக் கை கடுக்கு.”

லீமா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் துடைத்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, குழந்தையைத் தோளில் சாய்த்து, பஸ் ஸ்டாப் வரைக்கும் அப்படியே நடந்தாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். நான் திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது.